ஹெங்கிஸ்ட், ஹோர்சா, மூன்று கப்பல்கள்: ஆங்கிலோ-சாக்சன் குடியேற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அது நம்மைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் நிறுத்தும். ரோமானியர் கைவிட்ட ஒரு தீவு, வடகடலைத் தாண்டி வந்த படகுகள், குதிரையின் பெயர் கொண்ட இரண்டு சகோதரர்கள். இதில் எவ்வளவு கதை, எவ்வளவு நடந்தது என்று பலரும் கேட்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைவர்களின் பெயர்கள் பிற்கால அரச குடும்பங்கள் வழியாக நம்மிடம் வந்தவை. வந்து குடியேறிய மக்களோ மண்ணுக்கடியிலிருந்து கிடைக்கிறார்கள். இரண்டில் ஒன்றை நம்பச் சொன்னால் நான் மண்ணைத்தான் நம்புவேன்.

ஆங்கிலோ-சாக்சன்கள் யார்? எங்கிருந்து வந்தார்கள்?

இன்றைய டென்மார்க், வட ஜெர்மனி, நெதர்லாந்து ஆகியவற்றின் கடலோரத்தில் வாழ்ந்து, ஜெர்மானியக் கிளைமொழிகள் பேசிய மக்கள். வட இங்கிலாந்தில் ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீட் என்ற துறவி 731இல் முடித்த வரலாற்று நூலில் இவர்களை மூன்றாகப் பிரிக்கிறார். ஜூட்டுகள் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கென்டிலும், தென்கரையை ஒட்டிய வைட் தீவிலும் குடியேறினார்கள். சாக்சன்கள் தெற்கையும் மேற்கையும் தேம்ஸின் வடகரையையும் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிள்கள் கிழக்கிலும் நடுநாட்டிலும் வடக்கிலும் தங்கினார்கள். சஸ்செக்ஸ், எசெக்ஸ், வெசெக்ஸ் என்ற பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் தென் சாக்சன், கிழக்கு சாக்சன், மேற்கு சாக்சன் என்று வரும். நாம் தினமும் சொல்லும் 'ஆங்கிலம்' என்ற சொல்லுக்குள்ளும் அந்த ஆங்கிள்கள்தான் இருக்கிறார்கள்.

ஆங்கிள்கள் விட்டுவந்த நாடு தம் காலத்திலும் ஆளில்லாமல் கிடப்பதாக பீட் எழுதுகிறார். இதை மிகை என்று தள்ளிவிட முடியாது. ஜெர்மனியின் வடகடற்கரையில் ஃபெடர்சன் வீர்ட என்ற ஊர் இருந்தது. கடல் ஏறும்போது மூழ்காமலிருக்க மண்ணைக் கொட்டி மேடாக்கி, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர். அது 5ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. ஒரு கரையில் ஊர் காலியாகிறது, எதிர்க்கரையில் அதே மாதிரிப் பானைகளோடு புது ஊர் எழுகிறது.

ஆனால் பீட் போட்ட மூன்று கோடுகளும் மண்ணில் அவ்வளவு சுத்தமாகத் தெரிவதில்லை. ஃப்ரீசியர், ஃபிராங்குகள் என்று வேறு மக்களும் கலந்து வந்திருக்கிறார்கள்.

அவர்கள் வரும்போது தீவில் யார் இருந்தார்கள்?

பிரித்தானியர். இன்றைய வெல்ஷ் மொழிக்குத் தாயான மொழியைப் பேசியவர்கள். கி.பி. 43 முதல் ஏறத்தாழ 410 வரை ரோமானிய ஆட்சியில் இருந்தார்கள். 407இல் மூன்றாம் கான்ஸ்டன்டைன் பேரரசர் பதவிக்கு ஆசைப்பட்டு, தீவிலிருந்த படைகளைக் கூட்டிக்கொண்டு கால் (Gaul) நாட்டுக்கு, அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கம், போனார். அப்புறம் திரும்பி வரவேயில்லை.

படை போனதைவிடச் சம்பளப் பணம் நின்றதுதான் பெரிய அடி என்று தோன்றுகிறது. புது நாணயம் வருவது நின்றது. சந்தை படுத்தது. சக்கரத்தில் வனைந்த பானைத் தொழில் ஓரிரு தலைமுறைக்குள் அழிந்தது. அதற்காக எல்லாம் ஒரே நாளில் இருண்டுவிடவில்லை. குளோஸ்டர்ஷயரில் செட்வொர்த் என்ற ரோமானிய மாளிகையின் ஓர் அறையில் பதித்திருக்கும் வண்ணக்கல் தரை 5ஆம் நூற்றாண்டின் நடுவில் போடப்பட்டது என்று 2020இல் அறிவித்தார்கள். சுவருக்கு அடியில் கிடைத்த கரியையும் எலும்பையும் சோதித்துச் சொன்ன காலம் அது. அதாவது, கதைப்படி ஹெங்கிஸ்ட் கரையேறிய அதே காலத்தில், மேற்கே ஒரு பிரித்தானியக் குடும்பம் கொத்தனாரைக் கூப்பிட்டுப் புதுத் தரை போட்டிருக்கிறது. கைநேர்த்தி பழைய அளவுக்கு இல்லை. ஆனாலும் போட்டார்கள்.

ஹெங்கிஸ்ட், ஹோர்சா கதை என்ன?

பிரித்தானிய அரசர் வோர்ட்டிஜெர்னுக்கு வடக்கிலிருந்து, இன்றைய ஸ்காட்லாந்தில் வாழ்ந்த பிக்டுகளின் தொல்லை, மேற்குக் கடலிலிருந்து அயர்லாந்துக்காரர்களின் தொல்லை. சொந்தப் படை போதவில்லை. ஹெங்கிஸ்ட், ஹோர்சா என்ற சகோதரர்கள் மூன்று கப்பல்களில் வந்து இறங்குகிறார்கள். எதிரியை அடித்துக் கொடுங்கள், சோறும் நிலமும் தருகிறேன் என்கிறார் அரசர். கென்ட் கரையோரம் தானெட் தீவு அவர்களுக்குக் கிடைக்கிறது. எதிரிகள் தோற்கிறார்கள். தீவு செழிப்பானது, மக்கள் சண்டைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று ஊருக்குச் சொல்லியனுப்ப, இன்னும் கப்பல்கள் வருகின்றன.

அடுத்து விருந்து. ஹெங்கிஸ்டின் மகள் மது ஊற்றுகிறாள். வோர்ட்டிஜெர்ன் மயங்கிப் பெண் கேட்கிறார். விலை கென்ட் நாடு. அங்கே ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்தவருக்குச் செய்தியே சொல்லவில்லை. பிறகு கூலித் தகராறு முற்றிப் போர். எய்ல்ஸ்ஃபோர்டில் ஹோர்சா விழுகிறார். கடைசியில் சமாதானம் பேசக் கூப்பிட்ட விருந்தில் சாக்சன்கள் காலணிக்குள் கத்தியை மறைத்து வருகிறார்கள். "கத்தியை உருவுங்கள்!" என்று ஹெங்கிஸ்ட் கத்த, பிரித்தானியப் பெரியவர்கள் 300 பேர் வெட்டப்படுகிறார்கள். அரசர் மட்டும் உயிருக்கு விலையாக மேலும் நிலத்தை எழுதிக்கொடுத்துத் தப்புகிறார்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை. தோற்றவர்கள் தங்களுக்கு நேர்ந்ததைத் தங்களுக்கே விளக்கிக்கொள்ளச் சொன்ன கதையாகவே இதை நான் வாசிக்கிறேன். நாங்கள் கோழைகள் அல்ல, ஏமாற்றப்பட்டோம் என்கிறது அது.

இதை முதலில் எழுதியது யார்?

இந்தக் கேள்விதான் சாவி. காலவரிசையில் பார்த்தால் கதை வளர்வது கண்ணெதிரே தெரியும்.

6ஆம் நூற்றாண்டில் எழுதிய கில்டாஸ் என்ற பிரித்தானியத் துறவிதான் சம்பவத்துக்கு மிக அருகில் இருப்பவர். அவரிடம் மூன்று கப்பல்கள் உண்டு. 'அகந்தை கொண்ட கொடுங்கோலன்' ஒருவன் கூலிப்படையை அழைத்த செய்தியும் உண்டு. ஹெங்கிஸ்ட் இல்லை, ஹோர்சா இல்லை, மகள் இல்லை. ஆனால் ஒரு சின்ன விஷயம் உண்டு. கூலிப்படைக்குக் கொடுத்த மாதாந்திர உணவுப் படியைச் சொல்ல, ரோமானிய ராணுவக் கணக்கில் புழங்கிய சொற்களை அப்படியே கையாள்கிறார். கற்பனையில் கிடைக்கக்கூடிய சொற்களல்ல அவை. மொத்தக் கதையிலும் என்னை நம்ப வைப்பது அந்தப் படிக்கணக்குதான்.

ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து, பீட் இரண்டு பெயர்களையும் சேர்க்கிறார். அவரே 'சொல்கிறார்கள்' என்று ஒரு கை தள்ளி நின்றுதான் எழுதுகிறார். அதன்பின் ஒரு நூற்றாண்டு கழித்து, 830 வாக்கில் வேல்ஸில் தொகுத்த 'பிரித்தானியர் வரலாறு' என்ற லத்தீன் நூலில் மகளும் மறைத்த கத்திகளும் வருகின்றன. 1136 வாக்கில் எழுதிய மான்மத் ஊர் ஜெஃப்ரி அந்த மகளுக்கு ரோவெனா என்று பெயர் வைத்து, கோப்பையை நீட்டி 'வஸ் ஹேல்', நலமாக இரு, என்று சொல்லவும் வைக்கிறார். ஒரு மாட்டுத்தோல் அளவு நிலம் போதும் என்று கேட்டு, தோலை மெல்லிய வாராகக் கிழித்துப் பெரிய நிலத்தை வளைத்துக்கொண்ட தந்திரமும் அவர் கையில்தான் ஹெங்கிஸ்டுக்கு வருகிறது. கார்த்தேஜ் நகரை நிறுவிய டைடோ ராணியைப் பற்றி அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சொல்லப்பட்ட கதை அது.

சம்பவத்தைவிட்டு விலக விலக விவரம் கூடிக்கொண்டே போகிறது. நினைவு வழியாக வந்திருந்தால் குறைந்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஹெங்கிஸ்டும் ஹோர்சாவும் இருந்தார்களா, இல்லையா?

கூலிப்படையை நடத்தி வந்த தலைவர்கள் யாரோ இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் இதுதானா என்பதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஹெங்கிஸ்ட் என்றால் பொலிகுதிரை. ஹோர்சா என்றால் குதிரை. இணைபிரியாத இரண்டு சகோதரர்கள், இருவரும் குதிரை. இந்தோ-ஐரோப்பிய மக்களின் கதைகளில் குதிரையோடு சேர்ந்த இரட்டையர் திரும்பத் திரும்ப வருவார்கள். கிரேக்கத்தில் காஸ்டர், பொலக்ஸ். வேதத்தில் அசுவினி தேவர்கள். ஒப்பியல் அறிஞர்கள் ஹெங்கிஸ்ட் சகோதரர்களையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறார்கள். ஜெர்மனியில் லோயர் சாக்சனி பகுதியின் பழைய வீடுகளில் கூரை முகட்டின் நுனியில் இரண்டு மரக் குதிரைத் தலைகளைக் குறுக்காக வைப்பார்கள். அவற்றுக்கும் இதே ஜோடிப் பெயர் வழக்கில் உண்டு.

இன்னொன்று. கென்ட் அரச குடும்பம் தன்னை ஹெங்கிஸ்டின் பெயரால் அழைத்துக்கொள்ளவில்லை. மகன் என்று சொல்லப்படும் ஓய்ஸ்க்கின் பெயரால் 'ஓய்சிங்குகள்' என்று அழைத்துக்கொண்டது. குலத்தை நிறுவியவர் அப்பா என்றால் பெயர் ஏன் மகனுடையது? முதலில் ஓய்ஸ்க்கே குலமுதல்வராக இருந்து, ஹெங்கிஸ்ட் பின்னால் மேலே ஏற்றி வைக்கப்பட்டவர் என்று எடுத்துக்கொண்டால் பொருந்துகிறது. அவருக்கும் மேலே நான்காவது தலைமுறையில் வோடன் என்ற கடவுளை வைத்திருக்கிறார்கள்.

ஹோர்சாவின் பெயரில் ஒரு நினைவுக்கல் கிழக்கு கென்டில் இருப்பதாக பீட் சொல்கிறார். அதற்கு ஆய்வாளர்கள் தரும் ஒரு விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ரோமானியப் படைப்பிரிவுக்கு லத்தீனில் 'கோஹோர்ஸ்' என்று பெயர். கல்வெட்டு உடைந்து முன்பாதி போயிருந்தால் மிச்சம் நிற்பது 'ஹோர்ஸ்'. அதை எழுத்துக்கூட்டிப் படித்த யாரோ, இது ஹோர்சாவின் கல் என்று முடிவு செய்திருக்கலாம். நிரூபிக்க முடியாத ஊகம்தான்.

449 சரியான ஆண்டா?

பள்ளிப் பாடத்துக்குச் சரி, வரலாற்றுக்குப் போதாது. மார்சியன் ரோமானியப் பேரரசராக இருந்த ஏழு ஆண்டுகளுக்குள் வந்தார்கள் என்பதே பீட் சொல்வது. அதன் தொடக்கத்தைத்தான் அவர் 449 என்று கணக்கிட்டார். கால் நாட்டில் எழுதப்பட்ட ஓர் ஆண்டுக்குறிப்போ 441லேயே பிரிட்டன் சாக்சன்களின் அதிகாரத்துக்குள் போனது என்கிறது. 429இல் தீவுக்கு வந்த ஜெர்மானஸ் என்ற பிஷப், சாக்சன்களும் பிக்டுகளும் சேர்ந்து வந்த ஒரு படையை விரட்ட உதவினார் என்றும் குறிப்பு உண்டு. அதற்கும் முன்பே தெற்கு, கிழக்குக் கரைகளில் ரோமானியர் கட்டிய கோட்டை வரிசைக்குப் பெயரே 'சாக்சன் கரை'. இந்தக் குடியேற்றத்துக்கு ஒற்றை நாள் கிடையாது.

வோர்ட்டிஜெர்ன் துரோகியா?

யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. 'பிரித்தானியர் வரலாறு' அவரை முட்டாளாகவும் காமுகனாகவும் காட்டுகிறது. ஆனால் வேல்ஸில் லங்கோலன் பக்கத்தில் நிற்கும் எலிசெக் தூணில், 9ஆம் நூற்றாண்டில் போவிஸ் நாட்டு அரச குடும்பம் அவரைத் தன் முன்னோராகப் பெருமையோடு பொறித்திருக்கிறது. ஒரே நூற்றாண்டு, ஒரே மொழி பேசும் மக்கள், இரண்டு வோர்ட்டிஜெர்ன்கள். பெயருக்கே 'பெரிய தலைவன்' என்றுதான் பொருள். அதனால் கில்டாஸ் சொன்ன 'கொடுங்கோலன்' அந்தப் பெயரை வைத்துச் செய்த சிலேடையாக இருக்கலாம்.

அவர் செய்த காரியமும் புதிதல்ல. எல்லையில் ஒரு குழுவை எதிர்க்க இன்னொரு குழுவுக்குச் சோறு போட்டு வைத்துக்கொள்வது ரோமானியர் பல காலம் செய்ததுதான். சோறு போடப் பேரரசு இல்லாத காலத்தில் அவர் அதைச் செய்தார்.

மற்ற தலைவர்கள் யார் யார்?

வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரட் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொகுத்த ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு ஒரு வரிசையே தருகிறது.

477இல் எல்லே மூன்று மகன்களோடு, மூன்று கப்பல்களில் சஸ்செக்ஸ் கரைக்கு வருகிறார். 491இல் பெவன்சியில் இருந்த ரோமானியக் கோட்டையை முற்றுகையிட்டு, உள்ளே இருந்த ஒரு பிரித்தானியரைக்கூட உயிரோடு விடவில்லை என்கிறது குறிப்பு. அந்த மதில் இன்றும் நிற்கிறது. அவர் மகன்களில் சிஸ்ஸாவின் பெயர் சிச்செஸ்டரில், விலென்சிங்கின் பெயர் லான்சிங் என்ற ஊரில். ஊருக்கு ஆளின் பெயர் வந்ததா, ஊரை வைத்து ஆளை உருவாக்கினார்களா? 501இல் போர்ட்ஸ்மத்துக்கு வந்தவர் பெயர் போர்ட் என்று படிக்கும்போது சந்தேகம் தீர்ந்துவிடும். அந்தப் பெயர் துறைமுகத்துக்கான லத்தீன் சொல். வைட் தீவைப் பெற்ற விட்கார் கதையும் இதேதான்.

செர்டிக் வேறு வகை. 495இல் மகன் கின்ரிக்கோடு ஐந்து கப்பல்களில் வந்து, பின்னாளில் வெசெக்ஸ் அரசை நிறுவினார் என்பது கதை. ஆல்ஃபிரட் உட்பட அந்த வம்சம் முழுவதும் அவரிடமிருந்தே உரிமை கோரியது. ஆனால் செர்டிக் என்பது ஜெர்மானியப் பெயரே அல்ல. கராடாக் போன்ற பிரித்தானியப் பெயர்களோடு சேர்ந்தது. ஒன்று அவர் தாய் பிரித்தானியராக இருந்திருக்க வேண்டும், அல்லது அவரே உள்ளூர்த் தலைவராக இருந்திருக்க வேண்டும். கடல்கடந்து வந்த கதையை வம்சம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது என்றே நினைக்கிறேன். ஒரு குலம் தன் பழைய பெயரைப் புனைந்துகொள்வதென்றால், தோற்றவர்களின் மொழியில் தேடிப் போகாது. அதனாலேயே இந்தப் பட்டியலில் ஓரளவு நம்பத் தோன்றும் பெயர் செர்டிக்தான்.

வடக்கே 547இல் ஆட்சிக்கு வந்த ஐடா, பாம்பரோ பாறைமேல் கோட்டை அமைத்தவராகச் சொல்லப்படுகிறார்.

கதைகளில் வரும் ஆர்தர் மன்னர் இதில் எங்கே?

கில்டாஸ், சாக்சன்களை எதிர்த்து நின்றவராக அம்ப்ரோசியஸ் அவுரேலியானஸ் என்பவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பேடன் குன்றில் பிரித்தானியர் பெற்ற பெரிய வெற்றியையும் சொல்கிறார். ஆர்தர் என்ற பெயர் அவரிடம் இல்லை. 'பிரித்தானியர் வரலாறு'தான் ஆர்தருக்குப் பன்னிரண்டு போர்களைக் கொடுத்து, பேடனையும் அதில் சேர்க்கிறது.

மண்ணுக்கடியில் என்ன கிடைத்தது?

நார்ஃபோக்கில் ஸ்பாங் ஹில் என்ற மேட்டில் எரியூட்டிய சாம்பலைப் பானையில் இட்டுப் புதைத்த இடங்கள் 2,000க்கும் மேல் கிடைத்தன. பானைகள் கையால் செய்தவை. கழுத்துக்குக் கீழே கோடு கிழித்து, அச்சுக் குத்தி அலங்கரித்தவை. வட ஜெர்மனியில் கிடைப்பவற்றோடு வைத்தால் வேறுபாடு சொல்வது கஷ்டம். அதில் ஒரு பானைக்கு மூடியாக ஒரு மண் உருவம். தட்டையான தொப்பி போட்டு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, இரண்டு கையாலும் முகத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஆள். ஒரு சாண் உயரம்கூட இருக்காது. இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பது போலவே இருக்கும்.

அதே நார்ஃபோக்கில், கேஸ்டர் ஊர் இடுகாட்டில் ஒரு சாம்பல் பானைக்குள் விளையாட்டுக் காய்களும் கணுக்கால் எலும்புகளும் இருந்தன. பெரும்பாலும் ஆட்டெலும்பு, ஒன்று மட்டும் சிறுமான் எலும்பு. அந்த ஒன்றில் ரூனிக் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் 'ரைஹன்' என்று கீறியிருக்கிறார்கள். மான் என்று பொருள் கொள்கிறார்கள். 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இங்கிலாந்தில் கிடைத்த மிகப் பழைய ரூனிக் எழுத்துகளில் ஒன்று. மான் எலும்பில் மான் என்று எழுதிவைத்த கை யாருடையதோ. ஹெங்கிஸ்டின் வாளைவிட அது எனக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

வீடுகளும் கிடைத்தன. தேம்ஸ் கழிமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் மக்கிங்கில், தரையைப் பள்ளமாகத் தோண்டி மேலே கூரை போட்ட குடில்கள் 200க்கும் மேல். அவற்றில் நெசவுத் தறியின் எடைக்கற்கள் கிடைப்பது வழக்கம். சஃபோக்கில் வெஸ்ட் ஸ்டோ என்ற இடத்தில் அப்படிப்பட்ட குடில்களைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

பிரித்தானியர் எல்லோரும் கொல்லப்பட்டார்களா?

இல்லை. 2022இல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு, வடமேற்கு ஐரோப்பாவில் புதைக்கப்பட்ட 460 பேரின் மரபணுவைப் பார்த்தது. அதில் 278 பேர் இங்கிலாந்தில் கிடைத்தவர்கள். கிழக்கு, தென் இங்கிலாந்தில் அக்கால மக்களின் மரபில் 76 சதவீதம் வரை வடகடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்று முடிவு வந்தது. ஒருசில போர்த்தலைவர்கள் மட்டும் வந்து ஆட்சியைப் பிடித்தார்கள் என்ற கருத்து இதோடு அடிபட்டுப் போனது. பெண்களும் வந்திருக்கிறார்கள், குடும்பமாக வந்திருக்கிறார்கள்.

அதே ஆய்வில் உள்ளூர் மரபினரும் அதே இடுகாடுகளில், வந்தவர்களோடு கலந்து கிடக்கிறார்கள். வாளோடும் ஈட்டியோடும் புதைக்கப்பட்ட ஆண்களில் இரு மரபினரும் உண்டு. மேற்கே போகப்போக உள்ளூர் மரபு கூடுகிறது.

சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதால் சமமாக வாழ்ந்தார்கள் என்று ஆகாது. 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெசெக்ஸ் மன்னர் ஈனே வகுத்த சட்டத்தில், ஒரு சாதாரண ஆங்கிலேய உழவரைக் கொன்றால் இழப்பீடு 200 ஷில்லிங். வரி கட்டும் பிரித்தானியர் என்றால் 120. அவர்களைக் குறிக்க அந்தச் சட்டம் சொல்லும் சொல் 'வெயால்'. அந்நியர் என்று பொருள், அடிமை என்றும் பொருள். வேல்ஸ் என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது. சொந்த மண்ணில் இருந்தவர்களுக்கு வந்தவர்கள் வைத்த பெயர் அந்நியர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'கம்ரி', ஒரே நாட்டவர் என்று. பெயர் வைக்கும் அதிகாரம் யார் கைக்குப் போனது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் போர்க்குறிப்பும் எனக்குச் சொன்னதில்லை.

ஆங்கிலத்தில் பிரித்தானியர் மொழி ஏதும் மிச்சம் இருக்கிறதா?

சொற்கள் மிகக் குறைவு. ஆறுகளில் நிறைய இருக்கிறது. தேம்ஸ், டெர்வென்ட், எக்ஸ் எல்லாம் பழைய பெயர்கள். ஏவன் என்ற சொல்லுக்கே ஆறு என்றுதான் பொருள். 'இது என்ன' என்று கேட்டிருப்பார்கள், 'ஆறு' என்று பதில் வந்திருக்கும். கென்ட், டோவர் பெயர்களும் அப்படியே தங்கின.

எந்த மாதிரிக் கப்பலில் வந்தார்கள்?

டென்மார்க்கின் நீடம் சதுப்பில் 1863இல் கிடைத்த ஓக் மரப் படகு நல்ல சான்று. சுமார் 23 மீட்டர் நீளம். கி.பி. 320 வாக்கில் கட்டியது. பாய்மரம் கிடையாது, துடுப்புதான். 1949இல், ஹெங்கிஸ்ட் வந்து 1,500 ஆண்டு ஆனதைக் கொண்டாட, டென்மார்க்கிலிருந்து ஒரு குழு 'ஹூகின்' என்ற கப்பலில் கென்ட் வந்து சேர்ந்தது. அந்தக் கப்பல் இன்றும் பெக்வெல் விரிகுடா அருகே நிற்கிறது. அதைப் பார்த்து ஹெங்கிஸ்டின் கப்பல் என்று நினைத்துவிட வேண்டாம். பல நூற்றாண்டு பிந்திய வைகிங் கப்பலின் மாதிரி அது.

கதை எங்கே முடிந்து வரலாறு தொடங்குகிறது?

கென்டில், 597இல். போப்பாண்டவர் அனுப்பிய அகஸ்டின் அந்த ஆண்டு தானெட் தீவில் இறங்கினார். ஹெங்கிஸ்டுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அதே தீவு. அவரை வரவேற்ற கென்ட் மன்னர் எதெல்பெர்ட் சந்தேகமில்லாமல் உண்மையில் வாழ்ந்தவர். ஆங்கில மொழியில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்த முதல் சட்டம் அவருடையது. கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங், கட்டைவிரல் நகம் போனால் 3 ஷில்லிங் என்று உடம்பை அங்கம் அங்கமாக விலைபோடும் சட்டம்.

அவருக்கும் ஹெங்கிஸ்டுக்கும் நடுவே பீட் தரும் பெயர்கள் மூன்றே மூன்று: அப்பா இர்மின்ரிக், தாத்தா ஒக்டா, பூட்டன் ஓய்ஸ்க். ஏறக்குறைய 150 ஆண்டுகளை இந்த மூன்று பேர்தான் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் அப்பாவைப் பற்றிப் பெயருக்கு மேல் ஒரு வரிகூட யாரும் எழுதிவைக்கவில்லை.